கோட்டைத் தொடாத பாட்டு

காணும் பொங்கலன்று சாயங்காலம் உள்ளே இழுத்த ஒரே மூச்சில் உப்போடை தவசிமுத்து ஐப்பசி அடைமழை முடிகிறவரைக்கும் பாடிக்கொண்டிருந்தான் என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. கேட்டால், அந்த வருசம் உளுந்து நன்றாக விளைந்தது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள். அதை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, ஆள் பாதியாகிப்போனவர் ஒரே ஒருவர்தான். அவர் இரண்டு ஊருக்கும் பொதுவான ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் லிங்கதுரை.

இரண்டு ஊர் என்றால் செம்மணல்விளையும் உப்போடையும். நடுவில் தேரி என்று சொல்கிற சிவந்த மணல்மேடு ஒன்று படுத்துக் கிடக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்து நிற்பதும் எல்லாம் உண்டு. சண்டை என்று வந்தால் அது காணும் பொங்கல் சடுகுடுவில் மட்டும்தான், அதுவும் ஒரு வருசத்துக்குப் போதுமான சண்டையாக இருக்கும். லிங்கதுரை செம்மணல்விளைக்காரர். டாக்டருக்குப் படித்தாலும் காணும் பொங்கலன்று அவர் டவுசரை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார், பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தாரென்றால் பல்லி பிடித்த மாதிரி, விடுவது கிடையாது. உப்போடைக்குத் தவசிமுத்து. உப்பளத்தில் வேலை பார்த்து உரமேறிய கால். அவனுக்கென்று ஒரு பாட்டு இருந்தது: 'தேரி ஏறி வாரேன், திரும்பி வீடு வாரேன், தேரி ஏறி வாரேன், திரும்பி வீடு வாரேன்.' அந்தப் பாட்டை ஒரே மூச்சில் விடாமல் பாடிக்கொண்டு எதிராளி களத்துக்குள் போவான், ஆளைத் தொடுவான், பாட்டு அறுமுன்னே திரும்பி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். எதிராளி களத்தில் பாட்டு அறுந்தால் அவுட். அந்தப் பக்கத்தில் அவுட் என்று சொல்வதில்லை, செத்தான் என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாடிப் போனவனுக்குப் பலமாக அடிபட்டுவிட்டால் அன்றைய ஆட்டம் செல்லாது. கோப்பை யாருக்கும் இல்லை, மறுநாள் புதிதாக ஆடவேண்டும்.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு. செம்மணல்விளை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. தவசிமுத்து ஏறி வந்து ஆட்களைத் தொட்டுத் திரும்பும்போது லிங்கதுரை கணுக்காலைப் பிடித்துவிட்டார், மற்ற ஆறு பேரும் மேலே விழுந்தார்கள், அந்தக் குவியலில் லிங்கதுரையின் முழங்கால் தவசிமுத்துவின் வலது நெற்றிப்பொட்டில் போய் இடித்தது. வேண்டுமென்று இடிக்கவில்லை; அந்த விசயத்தில் அவர் மனசு இன்றுவரைக்கும் சுத்தம். கருப்பட்டி ஓரம் உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஏழு பேரும் கையை விட்டுவிட்டார்கள். தவசிமுத்து எழுந்து பொட்டைப் பொத்திக்கொண்டு, நடுக்கோட்டைத் தொட ஒரு சாண் மிச்சமிருக்க, பாட்டை நிறுத்தாமல் நின்றான். நடுவர் ஏசுவடியான் வாத்தியார் விசிலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "டாக்டரே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஆட்டத்தை நிறுத்திருவமா?" என்று கேட்டார்.

லிங்கதுரை பார்த்தார். தவசிமுத்துவைப் பார்க்கிற மாதிரி குனிந்தார், ஆனால் அவர் கண் போனது மேசைமேல் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்த கோப்பைக்கு.

"ஒண்ணுமில்ல வாத்தியாரே. லேசா மோதிட்டு, அவ்ளோதான்."

அதற்குள் நேரம் முடிந்த மணியை யாரோ அடித்துவிட, செம்மணல்விளை இளவட்டங்கள் டாக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட, அந்தக் கூச்சலில் வாத்தியார் விசிலை ஊதவே மறந்துபோனார். தவசிமுத்து பிடிபட்டானா, திரும்பினானா, யாரும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி சொர்ணக்கிளி கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தாள். பாட்டின் இடுக்கிலேயே அதைக் குடித்துவிட்டு அவன் தேரியேறி வீட்டுக்குப் போனான்.

வெற்றிக்கு வெட்டிய கிடாயில் தலைக்கறி டாக்டருக்கு என்று இலையில் வைத்தார்கள். மூளையை எடுப்பதற்காக அவர் கட்டைவிரலால் ஆட்டுத்தலையின் காதோரத்தில் அழுத்த, மெல்லிய எலும்பு பொடுக்கென்று உடைந்தது. அதே சத்தம். லிங்கதுரைக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. டாக்டர் படிப்பின் முதல் வருசத்தில் கையில் கொடுத்த மண்டையோட்டைச் சன்னல் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. மற்ற இடமெல்லாம் சுவராக நிற்க, பொட்டில் மட்டும் வெயில் மங்கலாக உள்ளே இறங்கும். நெற்றி எலும்பு, உச்சி எலும்பு, காதோர எலும்பு, கண்ணுக்குப் பின்னால் சிறகு விரித்திருக்கும் எலும்பு, நான்கும் வந்து கூடுகிற இடம் அது, நாலு வீட்டுச் சுவர் சேருகிற முடுக்குப் போல. கூடுகிற இடம் பலமாக இருக்கும் என்று நினைப்போம். மண்டையிலேயே நொய்ந்த இடம் அதுதான். அதன் உள்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் எலும்பிலேயே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடுகிறது. எலும்பு கீறினால் குழாய் கிழியும், எலும்புக்கும் மூளையைப் போர்த்திய சவ்வுக்கும் நடுவே ரத்தம் தேங்கும், தேங்குகிறவரைக்கும் அடிபட்டவன் எழுந்து நிற்பான், பேசுவான், சோடா குடிப்பான், வீட்டுக்கு நடந்தே போவான், அப்புறம் தலை வலிக்கிறது என்று படுப்பான், எழுந்திருக்க மாட்டான். 'எழுந்து பேசுகிறவனை நம்பாதே' என்று வாய்மொழித் தேர்வில் அவரே சொல்லி, கேட்ட பேராசிரியரிடம் சபாஷ் வாங்கியிருக்கிறார்.

எச்சில் கையோடு அவர் தேரியேறி ஓடினார். அங்கே தவசிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "தேரி ஏறி வாரேன், அந்த வெந்நிய இங்க வை, திரும்பி வீடு வாரேன்" என்று பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான். வலது கண்ணின் பாப்பா மட்டும் கருமிளகு அளவுக்கு விரிந்திருந்தது. அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பாட்டு வெளியே வந்துகொண்டே இருந்தது, காற்று உள்ளே போகவே இல்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ஆபரேசன் பண்ணுகிற டாக்டர் ரஹ்மத் நிஷா படத்தைப் பார்த்தார், அதில் எலும்பை ஒட்டி எலுமிச்சம்பழம் தண்டி ரத்தக்கட்டி இருந்தது; ஆளைப் பார்த்தார், அவன் உப்பு விலை இறங்கிப்போனதைப் பாட்டில் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்; படத்தில் இருந்த பேரை மறுபடியும் படித்தார். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மயக்க மருந்தின் மூடியை முகத்தில் வைத்ததும் பாட்டு தேய்ந்தது, பாட்டு தேயத் தேயப் பெட்டியில் ஓடிய கோடுகளும் படுத்தன, மூடியைப் பிடுங்கியதும் பாட்டு நிமிர்ந்தது, கோடுகளும் நிமிர்ந்தன. இன்னொரு தடவைக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

"நான் படிச்சதுல இது இல்ல," என்றார் ரஹ்மத் நிஷா. "ஆனா கண்ணு முன்னால இருக்கே. கூட்டிட்டுப் போங்க. பாட்டு அறாமப் பாத்துக்கோங்க. வேற வழி தெரிஞ்சா நானே கூப்பிடுறேன்."

அப்படித்தான் ஊர் அந்தப் பாட்டைக் கையில் எடுத்தது. தின்ன வேண்டுமே, பல் தேய்க்க வேண்டுமே, அசந்து கண்ணை மூட வேண்டுமே! வழி கண்டுபிடித்தவள் சொர்ணக்கிளிதான். கஞ்சி ஊட்டும்போது அவன் வாயில் பாட்டு இருக்கும்போதே அவளும் சேர்ந்து பாடினாள், அவன் மெல்ல விட்டான், அவள் விடவில்லை, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிற மாதிரி பாட்டு அவள் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு மூச்சு முட்டுமே, அதனால் பக்கத்தில் இன்னொருத்தர் வேண்டும். ஒருத்தர் மூச்சு முடிகிற இடத்தில் அடுத்தவர் ஏந்திக்கொள்ள, கஞ்சி குடித்து முடித்ததும் தவசிமுத்து திரும்ப வாங்கிக்கொள்வான். முதலில் சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்தார்கள், பிறகு தெரு, பிறகு ஊர், பிறகு வெட்கத்தை விட்டுச் செம்மணல்விளையும் வந்தது. வரப்புத் தகராறில் வருசக்கணக்காக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து ஒருத்தர் வாயிலிருந்து ஒருத்தர் பாட்டை வாங்கினார்கள். கோர்ட் கேஸ் மட்டும் அதுபாட்டுக்கு நடந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர்கள் போனில் ஏந்தினார்கள். மாதா கோயில் பூசையிலும் அம்மன் கோயில் கொடையிலும் பாட்டுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்குப் பாட்டு ஏந்தத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைத் தொட்டார்கள். மழை பெய்கிறது, பாட்டு நடக்கிறது, எல்லாம் ஒன்றாகிவிட்டது.

ஆனால் ஊர் கட்டின ஒரு கதைதான் லிங்கதுரையைக் கொன்றது. எமன் அன்றைக்கே வந்துவிட்டானாம், களத்தின் ஓரத்தில் பனைமூட்டில் நின்றானாம், ராசியான டாக்டர் வாயைத் திறந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னதும் அந்தச் சொல்லை மீற முடியாமல் அங்கேயே நிற்கிறானாம். டாக்டரைக் கண்டால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். முதல் காய்த்த முருங்கையைக் கொண்டுவந்து வைத்தார்கள். சளி பிடித்தவனும் சுளுக்கு விழுந்தவளும் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்று, "ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டாக்டரே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வரவே மாட்டேன் என்றது. தும்மினவனைக்கூடப் பட்டணத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். தென்னம்பாளை தலையில் உரசின ஒருவனை நாள் முழுக்கப் படுக்கையில் வைத்து மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்தார். 'டாக்டருக்கு ரொம்பப் பொறுப்பு' என்று அதற்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள். கும்பிடு விழ விழ அவர் கூனிக் குறுகினார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார், ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார், கும்பிடுகிறவர்களை என்ன செய்ய?

தினமும் போய்த் தவசிமுத்துவைப் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பார், கையைத் தூக்கச் சொல்வார். ஆனால் பாட்டை மட்டும் அவர் ஒருநாளும் ஏந்தியதில்லை. முறை வந்தால் கேஸ் இருக்கிறது என்று நழுவிவிடுவார். அந்தப் பாட்டைத் தன் வாயில் வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்பது அவர் எண்ணம்.

புரட்டாசி கடைசியில் தவசிமுத்துவின் இடது கை சோர்ந்தது. ஐப்பசியில் இடது காலும் இழுத்தது. வலது பக்கத்துக் கட்டி மூளையை நெருக்குகிறது, பாட்டு சாவைத்தான் நிறுத்தியிருக்கிறது, கட்டியை நிறுத்தவில்லை என்று லிங்கதுரைக்குப் புரிந்தது. பட்டணத்துக்குப் போன் போட்டார். ரஹ்மத் நிஷாவும் யோசித்துத்தான் வைத்திருந்தார்.

"மயக்கமே வேண்டாம். தோலை மட்டும் மரத்துப்போக வச்சிட்டு, பொட்டுல ஒரு துளை போட்டு ரத்தத்தை வெளிய எடுத்துரலாம். ஆனா ஒரு சிக்கல். பொட்டுல விரலை வச்சுப் பல்லைக் கடிங்க டாக்டர். அசையுதா? தாடையை இழுக்கிற தசை அந்த எலும்பு மேலதான் விரிஞ்சு கிடக்கு. அவர் பாடினா துளை போடுற இடமே ஆடும். வாயை மூடி அசையாம இருக்கணும். அதுவரைக்கும் பாட்டை வேற யாராவது பிடிக்கணும். உள்ள ஒரே ஒரு ஆளைத்தான் விட முடியும்."

ஒரே ஆள் என்றால், கைமாற்ற ஆள் கிடையாது. ஒரே மூச்சு. ஊர் கூடிப் பேசியது. யார் யார் பேரையோ சொன்னார்கள். கட்டிலில் கிடந்த தவசிமுத்து, "தேரி ஏறி வாரேன், டாக்டரு வரட்டும், திரும்பி வீடு வாரேன்" என்று பாட்டிலேயே முடிவைச் சொல்லிவிட்டான்.

புறப்படுகிற அன்றைக்குக் காலையில் சொர்ணக்கிளி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். லிங்கதுரை போய் நின்றார்.

"தங்கச்சி, நான் வேண்டாம். வேற ஆளை அனுப்பு."

"ஏன் டாக்டரே?"

"அன்னைக்கு நான் சொன்னது… நான் பாக்கவே இல்லம்மா. ஆட்டம் நின்னா கோப்பை போயிரும்னு சொல்லிட்டேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா கட்டி சின்னதா இருந்திருக்கும், அன்னைக்கே எடுத்திருக்கலாம்."

சொர்ணக்கிளி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சோடா வச்சுக்கிட்டு வாத்தியாருக்குப் பின்னாலதான நின்னேன். நீங்க குனிஞ்சிய, கண்ணு மட்டும் மேசைக்குப் போச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப ஏன் ஊர்ல சொல்லல?"

"சொல்லிருந்தா ரெண்டு அடி போட்டிருப்பாவ. அதோட ஒங்களுக்குத் தீந்துபோயிருக்கும். கும்பிடு வாங்கிக்கிட்டே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவருக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அவர் கண் கலங்குவதைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "இப்ப அழாதிய. அழுதா மூச்சு போயிரும். எனக்கு ஒங்க அழுக வேண்டாம், மூச்சுதான் வேணும். அத அவருக்காகப் பிடிச்சிக் குடுங்க."

தியேட்டரில் தவசிமுத்துவின் தலையில் பாதியை மழித்து, தோலை மரத்துப்போகச் செய்து, ரஹ்மத் நிஷா கண்ணால் சாடை காட்டினார். லிங்கதுரை குனிந்து, அவன் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டு, 'தேரி ஏறி வாரேன், திரும்பி வீடு வாரேன்' என்று அவனோடு சேர்ந்து பாடினார். தவசிமுத்து அவரைப் பார்த்தபடியே பாட்டை விட்டான். வாயை மூடினான். பாட்டு டாக்டரின் வாயில் கல் மாதிரிக் கனத்தது. துளைபோடும் கருவி எலும்பைத் தொட்டது, மாவு மாதிரி எலும்புத் தூள் வந்தது, அவர் நெஞ்சு எரிந்தது, கண் இருண்டது, காதில் வண்டு கத்தியது, அந்த நொய்ந்த முடுக்கு திறந்து கறுத்த ரத்தம் கருப்பட்டிப் பாகாக வழிந்தபோது அவருக்கு மூச்சில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமலும் பாட்டு வந்தது. தவசிமுத்துவின் மார்பு ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது. பொங்கலுக்குப் பிறகு அவன் இழுத்த முதல் மூச்சு அதுதான். அடுத்த நிமிசம் எல்லா மனிதரையும் போலக் குறட்டை விட்டுத் தூங்கிப்போனான்.

பாட்டு மட்டும் திரும்பப் போகவில்லை. அது டாக்டரிடமே தங்கிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏசுவடியான் வாத்தியார் அவர் பாடிக்கொண்டே வருவதைப் பார்த்ததும் விசயத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் விசிலு ஊதலயே டாக்டரே. அன்னைக்குப் போன பாட்டு இன்னும் கோட்டைத் தொடல. வாங்க, போவோம்." பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, பாட்டு ஏந்தி வருகிறவருக்கு இடம் விடச் சொன்னார். டாக்டர் சன்னலோரம் உட்கார்ந்து, அறுந்தால் அங்கே தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டானே என்கிற பயத்தில் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உப்பளமும் உடைமரக் காடும் பின்னால் போகப் போகத் 'திரும்பி வீடு வாரேன்' என்று பாடிக்கொண்டே வந்தார்.

களத்தில் இரண்டு ஊரும் கூடிவிட்டது. தவசிமுத்து நின்ற இடத்துக்குப் போனார். எதிரே அவருடைய ஆட்களே ஆறு பேர், செம்மணல்விளைக்காரர்கள், சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றார்கள்.

"ஆட்டம்னா ஆட்டந்தான்," என்றார் வாத்தியார். "பிடிக்கணும்னா பிடிங்கப்பா."

ஆறு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை. டாக்டர் மண்டியிட்டு விழுந்து, அன்றைக்குத் தவசிமுத்துவுக்கு எட்டாமல்போன அந்த ஒரு சாணைத் தவழ்ந்து, நடுக்கோட்டில் கையை வைத்தார். வாத்தியார் விசிலை ஊதினார். பாட்டு நின்றது. எவ்வளவு காலம் கழித்து அந்தப் பக்கத்தில் பனையோலைச் சத்தம் கேட்டது!

அன்றைக்குப் பிடித்த ஏழு பேரும் செத்ததாகவும், உப்போடை ஜெயித்ததாகவும் வாத்தியார் அறிவித்தார். லிங்கதுரை எழுந்து நின்று, கிணற்றடியில் சொன்னதை ஊருக்கு முன்னால் உரக்கச் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது, ஒரு செருப்புகூடப் பறந்தது, மேலே படவில்லை. பிறகு அவர் செத்தவர்கள் உட்காருகிற இடத்தில், கோட்டுக்கு வெளியே, போய் உட்கார்ந்துகொண்டார். முருங்கைக்காய் கொண்டுவருவது அன்றோடு நின்றது.

தையல் பிரித்துத் தவசிமுத்து வீடு வந்து சேர்ந்தபோது ஊரே வாசலில் நின்றது. லிங்கதுரை வந்தார். யாரும் கும்பிடவில்லை, வழிமட்டும் விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், இடது கண்ணில் அடித்துப் பார்த்தார், மறுபடியும் வலது கண்ணில். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, இடது கை தாழ்கிறதா என்று காத்திருந்தார். விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். காலைத் தூக்கச் சொன்னார். பொட்டில், எலும்பு இல்லாத அந்தச் சின்னக் குழியில், விரல் நுனியை மெல்ல வைத்து உள்ளே நாடி துடிப்பதைக் கேட்டார். பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். வெயில் வாசலிலிருந்து கட்டிலுக்கு ஏறியது. கூட்டம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது, பொறுக்கமாட்டாமல் தவசிமுத்துவே, "என்னவே டாக்டரே, ஒண்ணுமில்லதான?" என்று கேட்டான்.

"இப்பச் சொல்ல முடியாதுப்பா. கை கொஞ்சம் தாழுது. நாளைக்கும் வந்து பாக்கேன். நாளான்னைக்கும் வாரேன்."

வாசலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சொர்ணக்கிளி உள்ளே போய் ஒரு கோலி சோடாவை எடுத்துவந்து, கட்டைவிரலால் அழுத்தி உடைத்து, டாக்டரிடம் நீட்டினாள்.

"குடிங்க," என்றாள். "இப்பத்தான் பாத்திருக்கிய."